காரைக்குடியிலிருந்து கனடா போகிறவர்களுக்கு: பிளாக் ஹீட்டரும் கரண்டும்

செட்டிநாட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டிப் போவது புதிதல்ல. பர்மா, இலங்கை, மலேயா என்று போனது ஒரு காலம். இப்போது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் கனடா போகிறார்கள். வான்கூவர் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது. வின்னிபெக், ரெஜைனா, சாஸ்கட்டூன், எட்மன்டன் என்று நடுவிலுள்ள சமவெளி ஊர்களுக்குப் போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்குவது வழக்கமான விஷயம். அந்தக் குளிரில் எஞ்சின் விறைத்துப்போகாமல் இருக்க, காரைச் சுவர் சாக்கெட்டில் மாட்டி வைப்பார்கள். காரின் முன்பக்க கிரில் வழியாக ஒரு மூன்று பின் பிளக் எட்டிப் பார்க்கும். அதுதான் பிளாக் ஹீட்டரின் பிளக்.

கிளம்பும்போது ஜாக்கெட் வாங்கு, பூட்ஸ் வாங்கு, பனியில் பார்த்து நட என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். கரண்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இங்கே வீட்டு ஒயரிங்கில் பழகிய கண்ணும் கையும் அங்கே சில இடங்களில் தவறான முடிவு எடுக்கும். எங்கெங்கே, ஏன் என்று தெரிந்துகொண்டால் போதும், மீதி எல்லாம் சுலபம்.

ஹீட்டர் என்ன செய்கிறது

நம் வீட்டில் வாளித் தண்ணீரில் போடுகிற வாட்டர் ஹீட்டர் ராடை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையை எஞ்சினுக்குள் செய்வதுதான் பிளாக் ஹீட்டர். எஞ்சின் வார்ப்பில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் அறைக்கு ஒரு வட்டமான உலோக மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் ஹீட்டரைப் பொருத்துவார்கள். அதன் சூடேறும் சுருள், அதாவது காயில் (coil), கூலன்டுக்குள் முங்கி இருக்கும். கரண்ட் கொடுத்தால் கூலன்ட் சூடாகி, அந்தச் சூடு எஞ்சின் முழுவதும் மெல்லப் பரவும். 1940-களில் அமெரிக்காவின் நார்த் டக்கோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினைக் கரண்டால் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

சின்னக் கார்களில் 400 வாட்ஸ் அளவில் இருக்கும். பெரிய கார்களில் 750 வரை போகும். டீசல் பிக்கப் வண்டிகளில் 1000, 1500 வாட்ஸ்கூட உண்டு. இது ஏன் வேண்டும் என்றால், அந்தக் குளிரில் எஞ்சின் ஆயில் பாகு மாதிரி இறுகிவிடும். அதே நேரத்தில் பேட்டரியின் பலமும் குறையும். மைனஸ் 18 டிகிரியிலேயே எஞ்சினைச் சுற்றிவிடும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுற்ற வேண்டிய எஞ்சின் கனமாகிறது, சுற்றுகிற பேட்டரி இளைக்கிறது.

உங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமவெளி மாகாணங்களில் விற்கும் கார்களில் பெரும்பாலும் இருக்கும். வேறு பகுதியிலிருந்து வந்த பழைய காரை வாங்கியிருந்தால் இல்லாமலும் இருக்கலாம். சிலவற்றில் பிளக் கிரிலில் இருக்காது, பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் கட்டி வைத்திருப்பார்கள். காயில் உள்ளே இருந்தும் ஒயர் மட்டும் மாட்டாமல் விற்ற வண்டிகளும் உண்டு. இல்லாவிட்டால் கராஜில் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கூலன்டை இறக்கி ஏற்ற வேண்டிய வேலை, நாமே செய்கிற வேலை அல்ல. கூலன்ட் குறைந்து காயில் காற்றில் நின்றால் அது கருகிவிடும்.

இன்னொன்று. பிளாக் ஹீட்டரில் கோளாறு கண்டு, வண்டித் தயாரிப்பாளர்களே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்த நிகழ்வுகள் உண்டு. பழைய கார் வாங்கினால், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அதன் அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டீலரிடம் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள்.

"120 வோல்ட்தானே" என்று நினைக்காதீர்கள்

நம் வீட்டில் 230 வோல்ட். அங்கே சாதாரண சாக்கெட்டில் 120. பாதிதானே, ஷாக் அடித்தாலும் லேசாகத்தான் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. காய்ந்த தோலுக்கும் நனைந்த தோலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கையும் நனைந்து, பூட்ஸும் உருகிய பனியில் ஊறி நின்றால், உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 120 வோல்ட் 120 மில்லி ஆம்பியரை உடம்பு வழியாக ஓட்டும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். பத்து மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம்.

இரண்டாவது தவறு இதைவிடச் சத்தமில்லாதது. வோல்ட் பாதியானால், அதே வாட்ஸுக்குக் கரண்ட் இரண்டு மடங்கு ஆகும். 1000 வாட்ஸ் ஹீட்டர் இங்கே எடுக்கும் கரண்ட் 4.3 ஆம்பியர். அங்கே 8.3 ஆம்பியர். ஒயரில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிப்படி ஏறும் என்பதால், அதே ஒயர் அங்கே மூன்றரை மடங்குக்கும் மேல் சூடாகும். "இந்த ஒயர் இந்த லோடைத் தாங்கும்" என்று இங்கே பார்த்துப் பழகிய கண் அளவு அங்கே செல்லாது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்துவிட்டு, நல்ல கைவேலையோடு போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். கை பழகியவர்களுக்குத்தான் தைரியம் அதிகம்.

ஆகவே இங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். கூட ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று பலர் எடுத்துப் போகிறார்கள். போனுக்கு சார்ஜ் போட வேண்டுமானால் சரி. ஹீட்டருக்கு அது ஆகாது. அதன் ஒயர் ஒல்லி, உறை குளிருக்காகச் செய்தது அல்ல, அடாப்டரில் பல நேரம் எர்த்தே இருக்காது. அந்த இடத்தில் இன்னும் ஒரு சீப்பு சீடை டப்பா வைத்துக்கொள்ளலாம்.

சாக்கெட்டில் சுவிட்ச் கிடையாது

நம் ஊரில் எந்த சாக்கெட்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அணைத்துவிட்டு மாட்டுவோம், அணைத்துவிட்டு எடுப்போம். கனடாவில் பெரும்பாலான சாக்கெட்டுகளில் அது இல்லை. எப்போதும் உயிரோடுதான் இருக்கும். வெளியில் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுவரில் மாட்டி, மறுமுனையைப் பனியில் போட்டுவிட்டுப் போனால், அந்த முனையில் ராத்திரி முழுக்க 120 வோல்ட் காத்திருக்கும்.

ஆகவே வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது முதலில் கார் பக்கம், கடைசியாகச் சுவர். எடுக்கும்போது முதலில் சுவர், பிறகு கார். இந்த வரிசையில் செய்தால், கையிலோ பனியிலோ உயிருள்ள முனை ஒருபோதும் இருக்காது. காரை எடுக்கும் அவசரத்தில் கார் பக்கத்து பிளக்கை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய. தெருவில் விளையாடும் குழந்தைகளும், பனி அள்ளுகிறவரும் அதைத் தொடுவார்கள். பிளக்கைப் பிடித்து எடுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தடித்த கையுறையோடு பிளக்கைப் பிடிக்க முடியவில்லை என்று பலர் ஒயரை இழுப்பார்கள். உள்ளே இணைப்பு தளர்வது அப்படித்தான்.

எர்த் பின்னை மதியுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ நம் பழைய வீடுகளில் பாதி சாக்கெட்டுகள் இரண்டு பின்தான். எர்த்தே இழுக்காத ஒயரிங். கல்யாணம், சாந்தி என்று வந்தால் முகப்பிலிருந்து வளவு வழியாக இரண்டாங்கட்டு வரை லைன் இழுத்து, சீரியல் செட் போட்டு, ஒயரை முறுக்கி டேப் சுற்றி, முனையை சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து நிறுத்துவதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். எதுவும் ஆகவில்லை என்பதால் எர்த் ஒரு சம்பிரதாயம் என்று மனதில் பதிந்துவிட்டது.

காரில் அது உயிர் பிரச்சினை. கார் நான்கு ரப்பர் டயரில் நிற்கிறது. ஹீட்டர் காயிலில் விரிசல் விட்டு கரண்ட் எஞ்சின் உலோகத்துக்குக் கசிந்தால், அது தரைக்கு இறங்க வழி வேண்டும். மூன்றாவது பின் வழியாக எர்த் இருந்தால், கசிவு அந்த வழியே ஓடும். கசிவு பெரிதாக இருந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். அந்தப் பின் உடைந்திருந்தால் கரண்டுக்குப் போக இடமில்லை. பானெட், கதவு, கைப்பிடி, டிக்கி என்று முழுக் காரும் ஃபேஸ் ஆகிவிடும். வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. சாலை உப்பு கலந்த பனித் தண்ணீரில் நின்றுகொண்டு கதவைத் திறக்கிறவர்தான் அந்தக் கரண்டுக்குத் தரைக்கு இறங்கும் வழியாகிறார். குழந்தையை ஸ்கூலுக்கு ஏற்றிவிட வருகிற அம்மாவாக அது இருக்கலாம்.

ஆகவே மூன்றாவது பின் ஒடிந்த ஒயரைப் பயன்படுத்தாதீர்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் சின்ன அடாப்டர் எங்காவது கிடைத்தாலும், ஹீட்டருக்கு அதைத் தொடவே வேண்டாம். பின் நுழையவில்லை என்று வெட்டி எடுக்கவும் வேண்டாம்.

சாக்கெட்டிலேயே எர்த் இருக்கிறதா என்று பார்க்க, மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்று ஹார்டுவேர் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. செருகினால் எர்த் இல்லை, ஃபேஸ் மாறியிருக்கிறது என்பதையெல்லாம் விளக்கு சொல்லிவிடும். ஈரத்தில் நின்று டெஸ்டர் ஸ்குரூடிரைவரை விட்டுப் பார்க்கும் நம் ஊர் வழக்கம் அங்கே வேண்டாம். கோளாறு தெரிந்தால் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வரட்டும். சாக்கெட்டை நீங்களே கழற்றாதீர்கள்.

கசிவைப் பிடிக்கும் சாக்கெட்

இங்கே புது வீடுகளில் ஆர்சிசிபி போடுகிறோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மெயினிலேயே விழும். அங்கே அந்த வேலையைச் செய்வது ஜிஎஃப்சிஐ. பெரும்பாலும் சாக்கெட்டின் முகத்திலேயே டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். சாதாரண பிரேக்கர் 15 ஆம்பியர் தாண்டினால்தான் விழும். அது 5 மில்லி ஆம்பியரைப் போல 3000 மடங்கு. பிரேக்கர் ஒயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது.

காரை மாட்டும் சாக்கெட் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தில் பட்டன் இல்லாவிட்டாலும் முந்தைய சாக்கெட்டிலோ, பிரேக்கர்கள் இருக்கும் பேனலிலோ இருக்கலாம். பழைய வீடுகளிலும் சில பார்க்கிங் கம்பங்களிலும் இல்லாமலே இருக்கும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கரண்ட் நிற்க வேண்டும், ரீசெட் அழுத்தினால் வர வேண்டும். நிற்காவிட்டால் அது செத்துவிட்டது, மாற்றச் சொல்லுங்கள்.

ஹீட்டரை மாட்டியவுடன் ஜிஎஃப்சிஐ விழுகிறது என்றால், ஒயரிலோ பிளக்கிலோ காயிலிலோ கசிவு இருக்கிறது. பக்கத்துச் சாக்கெட்டில் மாட்டினேன், அங்கே விழவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அங்கே ஜிஎஃப்சிஐ இல்லை, அவ்வளவுதான். கசிவு அப்படியே இருக்கிறது. அன்றைக்கு ஹீட்டர் இல்லாமல் சமாளியுங்கள். பஸ்ஸில் போங்கள், நண்பரிடம் சொல்லி, அவர் கார் பேட்டரியோடு இணைத்து ஜம்ப் ஸ்டார்ட் எடுங்கள். காரணம் கண்டுபிடிக்கும்வரை மாட்டாதீர்கள்.

ஒயர் வாங்குவது

ஹீட்டரோடு வரும் ஒயர் குட்டையாக இருக்கும். ஆகவே சாக்கெட்டை நோக்கி முன்பக்கம் வரும்படி காரை நிறுத்துங்கள். அப்படியும் எக்ஸ்டென்ஷன் தேவைப்படும். அங்கேயே வாங்குங்கள், பாதுகாப்பைச் சோதித்ததைக் காட்டும் சிஎஸ்ஏ முத்திரையோ கனடாவுக்கான யூஎல் முத்திரையோ இருக்க வேண்டும். மூன்று கம்பி, வெளிப்புற உபயோகம் என்று எழுதியிருக்க வேண்டும். ஒயர் உறையில் அச்சிட்ட எழுத்து வரிசையில் டபிள்யூ இருந்தால் வெளியில் பயன்படுத்தலாம் என்று பொருள்.

கனத்தை அங்கே கேஜ் என்று சொல்வார்கள். எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும், நம் சதுர மில்லிமீட்டர் கணக்குக்குத் தலைகீழ். 16 கேஜ் என்பது 1.3 சதுர மில்லிமீட்டர், 14 கேஜ் 2.1, 12 கேஜ் 3.3. என் கருத்து, சாதாரணக் காருக்கு 14 கேஜைவிட ஒல்லியான ஒயரை வாங்காதீர்கள். 15 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டுமென்றாலோ, காருக்குள் வைக்கும் ஹீட்டரும் சேர்ந்தாலோ 12 கேஜ் வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் பல வருடம் உழைக்கும். இந்த ஒரு பொருளில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சாதாரண பிவிசி உறை மைனஸ் 30-ல் குச்சி போல் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். மைனஸ் 40, மைனஸ் 50 டிகிரி வரை வளையும் என்று அட்டையில் போட்டிருக்கும் ஒயரைத் தேடுங்கள். முனையில் சின்ன விளக்கு எரியும் வகை இருந்தால் நல்லது. அதுவரை கரண்ட் வருகிறது என்று இருட்டிலேயே தெரியும்.

ஒன்றோடு ஒன்றாக இரண்டு எக்ஸ்டென்ஷனைக் கோர்க்காதீர்கள். சுருட்டி வைத்த ஒயரில் கரண்ட் ஓடினால் சூடு வெளியேற வழியில்லாமல் சேரும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். கதவுச் சந்து, ஜன்னல் சந்து வழியாக ஒயரை நசுக்கி எடுத்துவராதீர்கள். நடைபாதைக்குக் குறுக்கே போடுவதை அனுமதிக்காத ஊர்கள் இருக்கின்றன. அனுமதித்தாலும் பனிக்குள் மறைந்த ஒயரில் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள், பனி வெட்டும் மெஷின் அதை நறுக்கிவிடும். வெடித்த ஒயருக்கு டேப் சுற்றி ஓட்டுவது நம் வழக்கம். ஈரத்திலும் உப்பிலும் கிடக்கிற ஒயருக்கு டேப் நிற்காது, மாற்றிவிடுங்கள்.

குளிர் வருவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை

அக்டோபரில், கை விறைக்காத ஒரு பகல் பொழுதில் இதைச் செய்யுங்கள். கார் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ஹீட்டர் எதிலும் மாட்டியிருக்கக் கூடாது.

முதலில் கண். பிளக்கின் பின்களில் பச்சை, வெள்ளைப் பூச்சு, கருப்பு, உருகிய அடையாளம் இருக்கிறதா? பனி உருக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்தத் தண்ணீர் தெறித்துத் தெறித்து பின்கள் அரித்துப்போகும். உலோக அரிப்பையும் ஆராய்கிற, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) நம் காரைக்குடியில் இருக்கிறது, உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரித்த பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அரை ஓம் தடை உண்டானால்கூட, 750 வாட்ஸ் ஹீட்டரின் 6.25 ஆம்பியர் ஓடும்போது அந்த விரல் நுனி இடத்தில் 20 வாட்ஸ் சூடு பிறக்கும். பிளாஸ்டிக் உருகி, கருகி, தீப்பிடிப்பது இப்படித்தான். லேசான அழுக்கைத் துடைத்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவி, மூடியைப் போட்டு வையுங்கள். கருகியிருந்தால் துடைத்துப் பயனில்லை, ஹீட்டர் ஒயரை மாற்றச் சொல்லுங்கள்.

பானெட்டைத் திறந்து ஒயர் போகும் பாதையைத் தொடர்ந்து பாருங்கள். பெல்ட், ஃபேன், எக்ஸாஸ்ட் குழாய் எதையும் தொடக் கூடாது. பானெட் மூடும்போது நசுங்கக் கூடாது. எலிகள் இதமான எஞ்சின் மேல் கூடு கட்டி ஒயரைக் கடிப்பதும் உண்டு. ஹீட்டர் தலை இருக்கும் இடத்தில் கூலன்ட் கசிந்த கறை தெரிந்தால் மாட்டவே மாட்டாதீர்கள், நேரே கராஜ்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகும். தட்டையான இரண்டு பின்களுக்கும் நடுவே தடையைப் பாருங்கள். 400 வாட்ஸ் ஹீட்டரில் 36 ஓம், 750-ல் 19 ஓம், 1000-ல் 14 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போயிருக்கலாம். ஆனால் ஒயரில், குளிரைப் பார்த்துத் தானே இணைக்கும் தெர்மோஸ்டாட் இருந்தால், குளிராத நாளில் அது இணைப்பை அறுத்தே வைத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்து, தட்டைப் பின் ஒவ்வொன்றுக்கும் உருண்டை எர்த் பின்னுக்கும் நடுவே பாருங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் கசிவு. கடைசியாக, எர்த் பின்னுக்கும் எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்துக்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. மேலே சொன்ன முழுக் காரும் ஃபேஸ் ஆகிற ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு நேரம், எவ்வளவு லோடு

ராத்திரி முழுக்க மாட்டி வைக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தொடங்கினால் பெரும்பாலும் போதும், கடுங்குளிரில் மூன்று நான்கு. வெளிப்புற உபயோகத்துக்கான, 15 ஆம்பியர் தாங்கும், எர்த் உள்ள டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள். வீட்டுக்குள் சீரியல் பல்புக்குப் போடும் டைமர் இதற்கு ஆகாது. 750 வாட்ஸ் ஹீட்டர் 12 மணி நேரத்தில் 9 யூனிட் இழுக்கும், மூன்று மணி நேரத்தில் இரண்டேகால் யூனிட்தான். பணம் ஒருபுறம் இருக்கட்டும், எல்லோரும் தூங்கும் நேரத்தில் சூடாகிக்கொண்டே இருக்கும் பிளக் ஒன்று குறைகிறது.

ஒரு 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து ஓடும் லோடு 12 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. அதாவது 1440 வாட்ஸ். 400 வாட்ஸ் பிளாக் ஹீட்டர், 80 வாட்ஸ் பேட்டரி போர்வை, காருக்குள் 900 வாட்ஸ் ஹீட்டர் என்று மூன்றும் சேர்ந்தால் 1380, எல்லைக்குள் இருக்கிறது. 750 வாட்ஸில் இரண்டு கார்கள் என்றால் 1500, தாண்டிவிடுகிறது. அறையைப் பகிர்ந்து இருக்கும் பசங்கள் வீட்டில் இரண்டு மூன்று கார் நிற்கும். ஒரே சாக்கெட்டில் பிரித்து மாட்டுகிறார்கள். டைமரை மாற்றி மாற்றி வைத்து, ஒரு கார் முடிந்ததும் அடுத்தது என்று செய்யலாம். வெளியிலுள்ள இரண்டு சாக்கெட்டும் ஒரே பிரேக்கரில் இருக்கக்கூடும் என்பதால், எந்தப் பிரேக்கர் எதற்கு என்று பேனலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேனல் பெரும்பாலும் வீட்டின் பேஸ்மென்டில் இருக்கும்.

அபார்ட்மென்டில் இருந்தால்

ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் ஒரு கம்பமும் சாக்கெட்டும் இருக்கும். சில இடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த, விட்டு விட்டுத்தான் கரண்ட் கொடுப்பார்கள். ஒயர் முனை விளக்கு எரியவில்லை என்று உடனே கம்பத்தைக் குற்றம் சொல்லாமல் மேனேஜரிடம் கேளுங்கள். பிரேக்கர் ஒருமுறை விழுந்தால் காரணத்தைப் பார்த்துவிட்டுப் போடலாம். திரும்பவும் விழுந்தால் தொடாதீர்கள், எழுத்தில் தெரிவியுங்கள். கம்பத்தின் மூடி உடைந்து பனி உள்ளே போயிருந்தாலும், பிளக்கைச் செருகினால் தொளதொளவென்று ஆடினாலும் அந்தச் சாக்கெட் வேண்டாம்.

தினமும் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். மாட்டிய பத்து நிமிடத்தில் சுவர்ப் பக்கத்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இதமாக இருக்கலாம், சுடக் கூடாது. ஹீட்டர் வேலை செய்தால் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய கொதி சத்தம் வரும். இரண்டு ஒயரும் சேரும் இடம் பனியில் புதையாமல், தரையைவிட உயரத்தில் இருக்கட்டும். மாட்டியபடியே காரை ஓட்டிக்கொண்டு போய் பிளக்கைப் பிய்த்துவிடுவது அங்கே அடிக்கடி நடப்பது. ஒயரை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி மேல் ஒரு சுற்றுப் போட்டு எடுத்துப்போனால் கதவைத் திறக்கும்போதே கண்ணில் படும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஏதாவது நடந்துவிட்டால்

காரைத் தொட்டதும் சுர்ரென்றால், ஈரம் என்று தள்ளிவிடாதீர்கள். கையை எடுத்து விலகுங்கள், ஒயரைத் தொடாமல் பேஸ்மென்டில் பிரேக்கரை இறக்குங்கள், பிறகுதான் பிளக்கை எடுங்கள். யாராவது ஷாக்கில் சிக்கியிருந்தால் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிரேக்கரை இறக்கியதும் 911-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவர் கூப்பிடட்டும். மூச்சு இல்லாவிட்டால், கரண்ட் நின்றது உறுதியான பிறகு மார்பை அழுத்தத் தொடங்குங்கள், எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லித்தருவார்கள். ஷாக் அடித்தவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போய் இதயத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பானெட்டுக்குள் புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ எழும். பிரேக்கரை இறக்கிவிட்டு, எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு 911. தண்ணீர் ஊற்ற வேண்டாம். கார் போனால் போகட்டும்.

ஏப்ரலில் குளிர் விட்டதும் ஒயரை எடுத்து, ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, காயவைத்து, பெரிய வளையங்களாகச் சுற்றி ஆணியில் மாட்டுங்கள். காரின் பிளக்குக்கு மூடியைப் போட்டு, ஆடாமல் கட்டி வையுங்கள். இனி உதவாது என்று முடிவு செய்த ஒயர் இருந்தால், அதை எறிவதற்கு முன் இரண்டு முனை பிளக்கையும் வெட்டிவிடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்து அந்த வீட்டுக்கு வருகிற நம் ஊர்ப் பையன் அதை எடுத்து மாட்டிவிடக் கூடாது.